பாலில் கொழுப்பைக் குறைத்தால் எலும்பு தேயுமா?

கொலஸ்ட்ரால் ரிப்போர்ட் வந்ததும் பலர் முதலில் கை வைப்பது பாலில்தான். உடனே ஒரு பயமும் வந்துவிடுகிறது. "கொழுப்பு இல்லாத பால் குடிச்சா எலும்பு தேஞ்சிடாதா மேடம்?" என்று சென்னையில் உணவு ஆலோசகராக இருக்கும் என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. தேயாது. பாலில் இருக்கும் கால்சியம் கொழுப்பில் இல்லை, புரதத்தோடும் நீரோடும் இருக்கிறது. ஆடையை எடுத்தாலும் அது பாலிலேயே தங்கிவிடும். நெய்யில் கால்சியம் அநேகமாக இல்லாததற்கும் இதுதான் காரணம்.

ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டில் கொழுப்பு 6 சதவீதம், பச்சையில் 4.5, நீலத்தில் 3. எதை வாங்கினாலும் கால்சியத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது, 100 மில்லிக்குச் சுமார் 120 மில்லிகிராம். ஆனால் நிறைய வீடுகளில் பச்சை பாக்கெட்டையே வாங்கி, கொழுப்பு குறையட்டும் என்று பாதிக்குப் பாதி தண்ணீர் ஊற்றிக் காய்ச்சுகிறார்கள். அப்போது டம்ளரில் கொழுப்போடு கால்சியமும் புரதமும் சேர்ந்தே பாதியாகிவிடும். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள், நீலத்துக்கு மாறுங்கள்.

எனக்குக் கவலை தருவது அளவுதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2020 பரிந்துரைப்படி பெரியவர்களுக்கு நாளுக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1200. "தினமும் பால் சேர்த்துக்கிறேனே" என்று சொல்லும் அம்மாக்களிடம் விசாரித்தால், அது இரண்டு வேளை காபியில் கலக்கிற பால், மொத்தம் 100 மில்லி இருந்தால் அதிகம். மீதிக்குத் தயிர், மோர், முருங்கைக்கீரை, முள்ளோடு சாப்பிடும் நெத்திலி, அப்புறம் கேழ்வரகு (100 கிராமில் ஏறக்குறைய 350 மில்லிகிராம்) என்று தட்டில் தினமும் ஏதாவது வந்தாக வேண்டும்.

கொழுப்போடு போவது, கால்சியத்தை உடம்பு உறிஞ்சிக்கொள்ள உதவும் வைட்டமின் டி. அதனால் பாக்கெட்டில் 'பிளஸ் எஃப்' முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், ஏ, டி வைட்டமின்கள் சேர்த்த பால் அது. விடியற்காலையில் மெரினாவில் நடப்பது இதயத்துக்கு நல்லது, ஆனால் அந்த இளவெயிலில் உடம்பு வைட்டமின் டி தயாரிப்பது மிகக் குறைவு.

இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு மட்டும் கொழுப்பு குறைத்த பால் வேண்டாம். லேசாகச் சறுக்கியதற்கே மணிக்கட்டு முறிந்தவர்களும் நீண்ட நாளாக ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்களும், எந்தப் பால் என்று யோசிப்பதற்கு முன்னால், எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள்.