தோற்ற கட்சியின் பூத் ஏஜெண்ட் உங்கள் வீட்டில் இருந்தால்

தேர்தல் முடிவு வந்த பிறகு மனநல ஆலோசனைக்கு வரும் சிலர் தேர்தல் பேச்சையே எடுக்க மாட்டார்கள். தூக்கம் வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை என்றுதான் ஆரம்பிப்பார்கள். கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால், "நம்மாளு தோத்துட்டாரு மேடம்" என்று குரல் கம்மும். கூட வந்தவர் உடனே குறுக்கிடுவார்: "அந்தாளா நமக்குச் சோறு போடப் போறாரு?"

இந்தக் கேள்வியைத்தான் முதலில் நிறுத்தச் சொல்வேன். வெயிலில் வீடு வீடாகப் போய் வாக்குக் கேட்டவருக்கு, தோற்றது வேட்பாளர் மட்டுமில்லை; அவருடைய உழைப்பும்தான்.

வாக்களித்ததோடு சரி என்பவர்கள் பெரும்பாலும் தாமாகவே தேறிவிடுகிறார்கள். 1994 டெக்சாஸ் ஆளுநர் தேர்தலில் வாக்களித்தவர்களை டேனியல் கில்பர்ட் என்ற உளவியலாளரின் குழு ஆராய்ந்தது. தோற்றவரின் ஆதரவாளர்கள், தேர்தலுக்கு முன் தாங்களே பயந்த அளவுக்கு ஒரு மாதம் கழித்து வருந்தவில்லை.

பூத் ஏஜெண்டின் வலி வேறு. அவரிடம் தன் பூத்தின் கணக்கு இருக்கிறது. பூத்தில் பதிவான வாக்குகளைக் குறிக்கும் 17சி படிவத்தின் நகலை, சட்டைப்பையில் நாலாக மடித்து வைத்திருந்ததை எடுத்து மேசையில் விரித்துக் காட்டுவார்கள். "இன்னும் நாலு வீடு ஏறி இறங்கியிருந்தா..." என்ற குற்ற உணர்வுதான் தூங்கவிடாமல் செய்கிறது. வித்தியாசம் குறையக் குறைய இது கூடும். 2016இல் காட்டுமன்னார்கோவிலில் திருமாவளவன் 87 வாக்குகளில் தோற்றார். ராதாபுரத்தில் அப்பாவு 49 வாக்குகளில் தோற்றதாக அறிவிக்கப்பட்டது. அங்கெல்லாம் ஒவ்வொரு ஏஜெண்டும் தன் பூத்தையே நினைத்து மருகியிருப்பார். இப்படி வருபவரிடம் ஒரு தாளைக் கொடுத்து, எது உங்கள் கையில் இருந்தது, எது இல்லை என்று எழுதச் சொல்வேன். கூட்டணி, வாக்குப் பிரிவு, வேட்பாளர் தேர்வு எல்லாம் இரண்டாவது பக்கத்தில் ஏறும்போது தோள் கொஞ்சம் தளர்வதைப் பார்க்கலாம்.

"அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்பது உண்மையாகவே இருக்கலாம். காட்டுமன்னார்கோவில் அடங்கிய சிதம்பரம் மக்களவைத் தொகுதியில் 2019இல் அதே திருமாவளவன் 3,219 வாக்குகளில் வென்றார். ஆனால் முதல் வாரத்தில் அந்த ஆறுதல் காதில் ஏறாது. அவர் பேசட்டும், நீங்கள் கேளுங்கள். ராத்திரி டிவி விவாதமும் வாட்ஸப் குழுக்களும் சில நாள் வேண்டாம். ஜெயித்த கட்சிக்காரர் தெருவில் வெடி வெடிக்கும்போது அவரைத் தனியாக வெளியே அனுப்பாதீர்கள்.

பந்தயம் கட்டிப் பணம் விட்டிருக்கிறாரா என்றும் பக்குவமாகக் கேளுங்கள். பலர் அந்தக் கடனை வீட்டுக்குச் சொல்லாமல் உள்ளேயே வைத்துப் புழுங்குகிறார்கள். குடி கூடினாலோ, இரண்டு வாரம் தாண்டியும் தூக்கமும் வேலையும் கெட்டிருந்தாலோ மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். "இனி எதுக்கு இருக்கணும்" என்று ஒரு வார்த்தை வந்தால் நாள் கணக்குப் பார்க்க வேண்டாம். அவரைத் தனியே விடாமல், உடனே 104 அல்லது 14416 உதவி எண்ணுக்கு அழையுங்கள். எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம்.