ஷோல்டர் பார் கீழ இறங்கும்போது உங்க தலை எங்க இருக்குன்னு பாருங்க

ரோலர் கோஸ்டர் ஸ்டேஷன்ல ஒன்பது வருஷம் நின்னிருக்கேன், முதல்ல ஆபரேட்டரா, அப்புறம் புதுசா வர்ற பசங்களுக்கு ட்ரெய்னிங் குடுக்குறவனா. நான் அதிகம் வேலை பார்த்தது பூமராங் டைப் கோஸ்டர்ல, அதாவது ட்ரெய்ன பின்பக்கமா மேல இழுத்துட்டுப் போய் விட்ருவாங்க, அது ஸ்டேஷனுக்குள்ள பாய்ஞ்சு மூணு தடவை தலைகீழாகி இன்னொரு பக்கம் ஏறி, அப்புறம் அதே மூணையும் பின்னாடியே போய்க்கிட்டே திரும்ப செய்யும். ஒரு ட்ரெய்ன்ல 28 சீட்டு. 28 பேரோட ஷோல்டர் பாரையும், அதாவது தலைக்கு மேலேர்ந்து இறங்கி தோளையும் நெஞ்சையும் புடிக்கிற கம்பிய, கையால அழுத்தி, இழுத்துப் பார்த்துட்டு தான் தம்ஸ் அப் காட்டுவோம்.

ஒரு தடவை நாப்பது வயசு மதிக்கத்தக்க ஒரு அம்மா, அஞ்சடி தான் இருப்பாங்க, இறங்கும்போது காதப் பொத்திக்கிட்டே வந்தாங்க. கைய எடுத்தா ரத்தம். கம்மல் திருகாணி காதுக்குப் பின்னாடி குத்திக் கிழிச்சிருக்கு. "இறுக்கமா இருந்தா தான் பாதுகாப்புன்னு நான்தாம்பா இழுத்து இறுக்கிக்கிட்டேன்"னு சொன்னாங்க. இறுக்குனது தப்பே இல்ல. அவங்க உயரத்துக்கு பாரோட பேட், அதாவது அதுமேல இருக்குற மெத்தை, தோள்ல உக்காராம சரியா காதுகிட்ட நின்னிருக்கு, ரைடு முழுக்க தலை ரெண்டு பக்கமும் அதுல மோதியிருக்கு. கம்மலக் கழட்டச் சொல்லி போர்டு இருந்துச்சு, ஆனா ஏன் கழட்டணும்னு அவங்களுக்கு யாருமே சொல்லல, நானும் சொல்லல. இத எழுதணும்னு தோணுனது அன்னைக்கு தான்.

நிறைய பேரு நினைக்கிறது என்னன்னா, லூப்ல, அதாவது ட்ராக் செங்குத்தா முழு வட்டம் அடிக்கிற இடத்துல, தலைகீழாப் போகும்போது நம்மள விழாம புடிச்சிருக்கிறது ஷோல்டர் பார் தான்னு. லூப்ல அப்படி இல்லைங்க. வேகம் சரியா இருந்தா லூப்போட உச்சியில கூட உங்க உடம்பு சீட்டுக்குள்ள தான் அழுந்தும், தண்ணி ஊத்துன வாளிய வேகமா சுத்துனா சிந்தாது இல்ல, அதே கதை தான். இதுக்கு நல்ல உதாரணம் கலிஃபோர்னியாவுல சிக்ஸ் ஃப்ளாக்ஸ் மேஜிக் மவுண்டன்ல இருக்குற ரெவல்யூஷன். 1976-ல வந்தது, நவீன காலத்துல முழு செங்குத்து லூப் வச்ச முதல் கோஸ்டர் அதுதான், ஜெர்மன்காரர் ஆன்டன் ஷ்வார்ஸ்கோஃப் கட்டுனது. ஆரம்பத்துல அதுல வெறும் லேப் பார் மட்டும் தான், தொடைக்கு மேல ஒரு கம்பி, அவ்ளோதான், ஜனங்க ஜாலியா போய்ட்டு வந்தாங்க. அப்புறம் 90கள்ல அதுக்கு ஷோல்டர் பார் மாட்டுனாங்க, மாட்டுனதும் தலை இடிக்குதுன்னு புலம்பல் ஆரம்பிச்சிருச்சு, கடைசியில 2016-ல புது ட்ரெய்ன் வாங்கி பழையபடி லேப் பாருக்கே திரும்பிட்டாங்க. அதே ட்ராக், அதே லூப், மாறுனது ட்ரெய்னும் பாரும் தான்.

அதுக்காக ஷோல்டர் பாரே வேண்டாம்னு சொல்லல. மெதுவா உருண்டு தலைகீழா தொங்க விடுற இடங்கள்ல உடம்பு சீட்ட விட்டு எழும்பும், அங்க மேல புடிமானம் இருக்குறது நல்லது தான். ஆனா வலி எங்கேர்ந்து வருதுன்னு புரிஞ்சுக்கணும். 1975-ல கலிஃபோர்னியாவுல நாட்ஸ் பெர்ரி ஃபார்ம்ங்கிற பார்க்ல கார்க்ஸ்க்ரூன்னு ஒரு கோஸ்டர் வந்த காலத்துல இருந்து ஆரோ கம்பெனி போட்ட பழைய டிசைன்கள்ல ட்ராக் திருகும்போது தண்டவாளத்த நடுவுல வச்சு தான் திருகும், அப்போ உங்க இடுப்பு கொஞ்சமா நகரும், ஆனா தலை ஒரு பெரிய வட்டம் அடிக்கும், அதுவும் சட்டுன்னு. பக்கத்துலயே கெட்டியான பேட் இருந்தா தலை போய் அதுல தான் அடிக்கும். பின்னாடி வெர்னர் ஷ்டெங்கல் மாதிரி இன்ஜினியர்கள் உக்காந்திருக்கிறவங்க நெஞ்சு இருக்குற இடத்த அச்சா வச்சு ட்ராக்கத் திருக ஆரம்பிச்சாங்க, அதுக்கப்புறம் தான் தலைக்குக் கொஞ்சம் நிம்மதி. எங்க பூமராங்ல கோப்ரா ரோல்னு ஒரு பகுதி, பாம்பு படம் எடுத்த மாதிரி இருக்கும், அங்க தான் தலை வலப்பக்கம் இடப்பக்கம்னு டக்கு டக்குன்னு ஆடும், அதுலயும் திரும்பி வரும்போது எந்தப் பக்கம் திரும்பப் போகுதுன்னே தெரியாது. கழுத்து சதை தயாரா இல்லாத நேரத்துல வர்ற ஆட்டம், வலிக்காம என்ன செய்யும்.

இப்போ வர்ற கோஸ்டர்கள்ல வெஸ்ட் டைப் நிறைய. இத்தாலியில கார்டாலாண்ட் பார்க்ல 2011-ல வந்த ராப்டர்ல அப்படித்தான், நெஞ்சு மேல மெத்துன்னு ஒரு சட்டை மாதிரி வரும், காதுகிட்ட எதுவும் இருக்காது. தலைக்கு ரொம்ப நல்லது, ஆனா அதுலயும் ஒண்ணு இருக்கு, ஓடும்போது வெஸ்ட் இன்னும் ஒரு க்ளிக் இறங்கிரும், பிரேக்ல வந்து நிக்கும்போது தோள அமுக்கிக்கிட்டு மூச்சு முட்டுற மாதிரி இருக்கும். பயப்படாதீங்க, நிமிந்து நல்லா உக்காந்தா கொஞ்சம் லேசாகும்.

சரி, உக்காருறது எப்படின்னு சொல்றேன், இத தான் நான் பசங்களுக்கு முதல் நாளே சொல்லிக் குடுப்பேன். இடுப்ப சீட்டோட கடைசி வரைக்கும் தள்ளுங்க, நடுவுல கை நுழையிற அளவுக்குக் கூட இடம் விடாதீங்க, அதுக்கப்புறம் தான் பாரத் தொடணும். சரிஞ்சு உக்காந்துட்டு பார இழுத்தீங்கன்னா தோள் கீழ இறங்கிருக்கும், பேட் காதுக்கு வந்துரும், அந்த அம்மாவுக்கு நடந்தது பாதி இதனால தான். பார் தோளத் தொட்டு நிக்கணும், காறை எலும்ப நசுக்கக் கூடாது. பாக்கெட்ல ஃபோன், இடுப்புல பை, மடியில சுருட்டுன துப்பட்டா எதுவும் வேண்டாம், அது இருந்தா பார் இறங்குன மாதிரி தெரியும், முதல் இறக்கத்துல அது அமுங்குனதும் பார் லூசாயிரும். மூச்ச உள்ள இழுத்து வயித்த உப்ப வச்சுக்கிட்டு லாக் பண்ற பசங்களப் பார்த்திருக்கேன், தயவுசெஞ்சு அத செய்யாதீங்க. உடம்புக்கும் பாருக்கும் நடுவுல இடம் இருந்தா ஒவ்வொரு திருப்பத்துலயும் நீங்க போய் அதுல அடிப்பீங்க.

தலை ஹெட்ரெஸ்ட்ல ஒட்டி இருக்கணும். இது தான் எல்லாத்தையும் விட முக்கியம். லாஞ்ச் கோஸ்டர்னா, அதாவது ட்ரெய்ன சட்டுன்னு வேகமா முன்னாடி தள்ளி விடுற டைப்னா, இன்னும் முக்கியம். ஜப்பான்ல ஃபுஜி-க்யூ ஹைலேண்ட்ல டோ-டோடோன்பான்னு ஒண்ணு இருந்துச்சு, 1.56 செகண்ட்ல மணிக்கு 180 கிலோமீட்டர் வேகம். 2020 டிசம்பர்ல இருந்து 2021 ஆகஸ்ட் வரைக்கும் அதுல போனவங்கள்ல சில பேருக்கு கழுத்துலயும் முதுகுலயும் எலும்பு முறிஞ்சதா புகார் வந்து ரைட நிறுத்துனாங்க, 2024-ல நிரந்தரமாவே மூடிட்டாங்க. அத்தனை பேரும் பார் மாட்டி தான் போனாங்க. பார் உங்க நெஞ்ச புடிக்கும், கழுத்த யாரும் புடிக்க மாட்டாங்க. லாஞ்ச் ஆகுற நேரத்துல பக்கத்துல இருக்குறவன்கிட்ட பேச முன்னாடி குனிஞ்சீங்கன்னா உங்க தலை அந்த வேகம் முழுசோடயும் பின்னாடி போய் அடிக்கும்.

உடம்பு பெருசா இருக்குறவங்க வருத்தப்படுற விஷயம் ஒண்ணு இருக்கு. பெல்ட் எட்டலைன்னு நாங்க இறக்கி விடும்போது அவங்க முகம் வாடுறதப் பார்த்தா எனக்கே மனசு கேக்காது. ஆனா பாருக்கும் சீட்டுக்கும் நடுவுல இருக்குற அந்த சின்ன பெல்ட் தான் பார் போதுமான அளவு இறங்கிருச்சான்னு காட்டுற அளவுகோல். 2022 மார்ச்ல அமெரிக்காவுல ஆர்லாண்டோவுல ஒரு ட்ராப் டவர்ல, உசரத்துக்குத் தூக்கிட்டுப் போய் சட்டுன்னு கீழ விடுற ரைடு, அது கோஸ்டர் இல்ல, ஆனா பார் அதே மாதிரி தான், 14 வயசுப் பையன் கீழ விழுந்து இறந்துட்டான். அந்த சீட்டு சென்சார கையால மாத்தி வச்சிருந்தாங்கன்னும், பார் வழக்கத்த விட அகலமா திறந்திருந்தும் சரியா இருக்குன்னு லைட் எரிஞ்சுதுன்னும் விசாரணையில வந்துச்சு. அந்த ரைடுல பெல்ட் கிடையாது. அதனால பெல்ட் எட்டலைன்னா "கொஞ்சம் அமுக்கி விடுங்க தம்பி"ன்னு கெஞ்சாதீங்க. வாசல்ல டெஸ்ட் சீட் இருந்தா க்யூல நிக்கிறதுக்கு முன்னாடியே உக்காந்து பாத்துருங்க, ரெண்டு மணி நேரம் நின்னுட்டு எல்லார் முன்னாடியும் இறங்க வேண்டியதில்ல.

கழுத்துல டிஸ்க் பிரச்சனை, சமீபத்துல ஆபரேஷன், எலும்பு தேய்மானம், ரத்தம் உறையாம இருக்க மாத்திர, கர்ப்பம், இதயக் கோளாறு, இதுல எது இருந்தாலும் ஏறாதீங்க. இறங்குன பிறகு லேசா கழுத்து புடிச்சிருந்தா ஒண்ணு ரெண்டு நாள்ல சரியாயிரலாம், ஆனா தலைவலி நேரம் ஆக ஆக கூடிக்கிட்டே போனாலோ, வாந்தி, கை மரத்துப் போறது, பார்வை ரெண்டாத் தெரியுறது, பேச்சு குழறுறது இதெல்லாம் வந்தாலோ தைலம் தேச்சுட்டு தூங்கப் போகாம நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க, கோஸ்டர்ல போயிட்டு வந்தேன்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க.

இன்னொண்ணு. பார் வலிக்குதுன்னா ட்ரெய்ன் கிளம்புறதுக்கு முன்னாடி கையத் தூக்கிக் கத்துங்க, எங்களுக்கு அது தொந்தரவே இல்ல. ஒரு காலேஜ் பையன், எல்லாத்தையும் செக் பண்ணி முடிச்சு பட்டன்ல கை வச்ச நேரத்துல கையத் தூக்குனான். நிறுத்தி 28 பாரையும் திறந்தோம், பின்னாடி க்யூல விசிலும் கூச்சலுமா ஒரே சத்தம். காறை எலும்புல ப்ளேட் வச்சு மூணு மாசம் தான் ஆகுதாம், ஃப்ரெண்ட்ஸ் முன்னாடி சொல்ல வெக்கப்பட்டு ஏறிட்டான், பார் அதே இடத்துல அழுத்துனதும் பயம் வந்துருச்சு. இறங்கி எக்ஸிட் பக்கம் போய் நின்னு, ஃப்ரெண்ட்ஸோட பை, ஃபோன், கண்ணாடி எல்லாத்தையும் வாங்கி வச்சுக்கிட்டு அவங்க சுத்துறத வீடியோ எடுத்துக்கிட்டு இருந்தான்.