வாலை எண்ணும் முன் செவுளைப் பாருங்கள்

டிரவுட் மீன் இன்று எதைத் தின்கிறது என்பதற்கு விடை ஓடைக் கற்களின் அடியில் இருக்கிறது. கைவலையின் வாய் நீரோட்டத்தைப் பார்க்கும்படி தரையோடு ஒட்டிப் பிடித்து, அதற்கு முன்னால் உள்ள கற்களை அரை நிமிடம் காலால் கிளறினால் போதும். வலையில் சிக்கிய பூச்சிகளை, கொஞ்சம் தண்ணீர் ஊற்றிய வெள்ளைத் தட்டில் கொட்டுங்கள். வலையில் வைத்தே பார்த்தால் செவுள்கள் உடம்போடு ஒட்டிக்கொண்டு பாதி அடையாளம் போய்விடும். பத்து மடங்கு லென்ஸும் வேண்டும்.

மே ஈ, கல் ஈ இரண்டும் இளம்பருவத்தை நீரில் கழிக்கும் பூச்சிகள். மூன்று வால் என்றால் மே ஈயின் இளம்பூச்சி, இரண்டு என்றால் கல் ஈயினுடையது. முதலில் சொல்லித்தரும் இந்தப் பாடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். வால் எளிதில் ஒடியும். எபியோரஸ் போன்ற சில மே ஈக்களுக்கு இரண்டே வால்தான். ஆகவே செவுளைப் பாருங்கள். வயிற்றின் இரு ஓரங்களிலும் இலை போலவோ இழை போலவோ அசைந்தால் மே ஈ. கல் ஈக்கு அது பெரும்பாலும் கால் முளைக்கும் இடத்தில் குஞ்சமாக இருக்கும். சிலவற்றில் வெளியே தெரியவே தெரியாது. அப்போது கால் நுனிக்குப் போங்கள்: மே ஈக்கு ஒரு நகம், கல் ஈக்கு இரண்டு. தட்டில் ஆக்சிஜன் குறைந்ததும் தண்டால் எடுக்கத் தொடங்குவதும் கல் ஈதான்.

தட்டில் கிடக்கும் சுள்ளித் துண்டு தானாக நகர்ந்தால், அது கேடிஸ் என்ற பூச்சியின் புழு கட்டிய கூடு; புழு உள்ளே இருக்கிறது. வால் இல்லை; முன்னால் ஆறு கால், பின்முனையில் ஒரு ஜோடி கொக்கி. ரயாகோபிலா போன்ற சில கேடிஸ் வகைகள் கூடில்லாமலே திரியும். நூல் போல் நெளியும், கணுக்கள் கொண்ட கால்கள் இல்லாத புழு, மிட்ஜ் என்ற சிறிய ஈயினுடையது. சில சிவப்பாக இருப்பதற்கு ஹீமோகுளோபின்தான் காரணம். பொடி என்று இதை ஒதுக்கிவிடாதீர்கள்; குளிர்காலத்தில் மீனுக்குப் பல நாள் இதுதான் சாப்பாடு.

வளர்ந்து பறப்பவற்றை இறக்கையே காட்டிக்கொடுக்கும். மே ஈ பாய்மரம் போல் நிமிர்த்தி வைக்கும், கல் ஈ முதுகில் தட்டையாக மடிக்கும், கேடிஸ் கூரை போல் சரிக்கும்.

பெயர் தெரிந்தால் தூண்டில் போடும் இடமும் தெரியும். மே ஈக்களில் பல நீர்ப்பரப்புக்கு வந்து தோலுரித்து இறக்கையுள்ள பூச்சியாகும். மீன் அங்கேயே காத்திருக்கும். கல் ஈயோ பெரும்பாலும் கரைக்கு ஊர்ந்து வந்து கல்லில் ஏறித்தான் தோலுரிக்கும். அதன் போலியை, அதாவது தூண்டிலில் கட்டும் செயற்கைப் பூச்சியை, ஓடையின் அடியில், கரையோரமாக உருட்டுங்கள். எப்போது என்பதைச் சொல்வது முதுகில் உள்ள இறக்கைப் பைகள்: அவை கருகருவென்று கறுத்திருந்தால், பூச்சி வெளியேறும் நேரம் நெருங்கிவிட்டது.