‘நான் எதையோ அமுக்கிட்டேன் போல’

ஒரு வாசகர் எழுதியிருந்தார்: “அம்மாவுக்கு 61 வயது, அப்பாவுக்கு 66. இருவரிடமும் ஒரே மாடல் போன். அப்பா எதை வேண்டுமானாலும் தட்டிப் பார்ப்பார். வாரம் ஒருமுறை உட்கார்ந்து செட்டிங்ஸை எல்லாம் நான்தான் சரிசெய்ய வேண்டும். அம்மா அழைப்பை எடுத்துப் பேசுவதோடு சரி. ‘நான் தொட்டா ஏதாவது ஆயிடும்’ என்று தள்ளி வைத்துவிடுவார். இது வயதுக் கோளாறா, இல்லை பெண்களின் மூளையே அப்படியா?”

கேள்வியை இன்னொரு முறை படியுங்கள். போனைக் குழப்பி வைப்பவர் அப்பா. ஆனாலும் அந்த வீட்டில் ‘போன் தெரியாதவர்’ என்று பெயர் வாங்கியிருப்பவர் அநேகமாக அம்மாவாகத்தான் இருப்பார். இந்த முரணுக்குள்ளேயே பாதி பதில் இருக்கிறது.

தொழில்நுட்பத்தைப் பற்றி ஒருவர் என்ன நினைக்கிறார் என்பதும், அதைக் கையாள அவருக்கு எவ்வளவு தெரியும் என்பதும் வேறு வேறு. முதலாவதை மனப்பான்மை என்போம். 1989இல் ஃப்ரெட் டேவிஸ் என்ற ஆய்வாளர் அதை இரண்டு கேள்விகளில் அடக்கினார்: இதனால் எனக்கு என்ன பயன்? இதைக் கையாள்வது சுலபமா? இந்த இரண்டுக்கும் ஒருவர் மனதில் இருக்கும் பதிலை வைத்தே, புதிதாக வரும் ஒன்றை அவர் ஏற்பாரா மாட்டாரா என்பதைப் பெருமளவு ஊகித்துவிடலாம். 2003இல் விஸ்வநாத் வெங்கடேஷும் சக ஆய்வாளர்களும், இதை விளக்க அதுவரை வந்திருந்த எட்டு கோட்பாட்டு மாதிரிகளை ஒன்றாக்கியபோது வயதையும் பாலினத்தையும் உள்ளே கொண்டுவந்தார்கள். அலுவலகங்களில் அவர்கள் கண்டது இது: ஆண்களின், குறிப்பாக இளம் ஆண்களின் முடிவில் ‘பயன்’ என்ற கேள்விக்கு எடை அதிகம். பெண்களிடமும் வயதில் மூத்தவர்களிடமும் ‘சுலபமா?’ என்ற கேள்விக்கும், சுற்றியிருப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்பதற்கும் எடை கூடுகிறது.

இதோடு நிறுத்திவிட்டால் வாசகரின் சந்தேகம் உறுதியான மாதிரி ஆகிவிடும். ஆனால் 2005இல் அதே வட்டத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் வயதையும் பாலினத்தையும் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். ஆண் பெண் வேறுபாடு மூத்த ஊழியர்களிடம்தான் தூக்கலாகத் தெரிந்தது. இளையவர்களிடம் அது ஏறக்குறைய காணவில்லை. மூளையின் அமைப்புதான் காரணம் என்றால், இருபது முப்பது ஆண்டுகள் பிந்திப் பிறந்ததற்காக அது மாறிவிடாது.

வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பல ஆய்வுகளைத் திரட்டிச் செய்த தொகுப்பாய்வுகள் 1997இலும் 2017இலும் வந்தன. ஆண்கள் சராசரியில் சற்றே கூடுதல் சாதகமான மனப்பான்மை காட்டுகிறார்கள், ஆனால் வேறுபாடு சிறியது என்பதே இரண்டின் சாரம். புள்ளியியலில் ‘சிறியது’ என்றால் வழக்கமாகத் திட்டவிலக்கத்தில், அதாவது மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றிச் சிதறிக் கிடக்கும் அளவில், ஐந்தில் ஒரு பங்கு. அந்த அளவில் வேறுபாடு இருக்கும் கூட்டத்திலிருந்து கண்ணை மூடிக்கொண்டு ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் கூப்பிட்டால், ஆணின் மதிப்பெண் கூடுதலாக இருக்க 100க்கு 56 வாய்ப்பு. நாணயம் சுண்டுவதைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு யாருடைய அம்மாவைப் பற்றியும் ஒன்றும் சொல்ல முடியாது.

திறன் பக்கம் போனால் கதையே திரும்புகிறது. 2006இல் வெளியான ஆய்வொன்றில் எஸ்தர் ஹர்கிட்டாயும் ஸ்டீவன் ஷேஃபரும் ஆண்களையும் பெண்களையும் கணினி முன் உட்கார வைத்து, இணையத்தில் சில தகவல்களைத் தேடி எடுக்கச் சொன்னார்கள். கண்டுபிடிக்கும் திறனில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் ‘உங்கள் திறமைக்கு நீங்களே மதிப்பெண் போடுங்கள்’ என்றபோது பெண்கள் தங்களுக்குக் குறைத்தே போட்டுக்கொண்டார்கள். பள்ளிப் பிள்ளைகளிடமும் இதே கதைதான். எட்டாம் வகுப்பு மாணவர்களின் கணினித் திறனைப் பல நாடுகளில் அளக்கும் பன்னாட்டு ஆய்வு 2013இல் நடந்தபோது, பெரும்பாலான நாடுகளில் மாணவிகளின் மதிப்பெண்தான் அதிகம். நுட்பமான கணினி வேலைகள் தங்களுக்கு வரும் என்று அதிக நம்பிக்கையோடு சொன்னவர்கள் மாணவர்கள்.

ஆக, குறைவது திறமை அல்ல. தன் திறமையைப் பற்றி ஒருவர் வைத்திருக்கும் கணக்குதான் குறைகிறது. அது எப்படிக் குறைகிறது என்பதுதான் எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த பகுதி.

2008இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் சிலர் ஒரு குறும்பான சோதனையை வெளியிட்டார்கள். 86 பேர், ஆண்களும் பெண்களும். கணினியில் ஒரு வேலை கொடுக்கப்பட்டது. அதைச் செய்ய ஒரு பென் டிரைவ் தேவை. அந்த பென் டிரைவ் பழுதானது. யார் செய்தாலும் வேலை முடியாது. ஒரு பிரிவினரிடம் மட்டும், ‘இந்த வேலையில் ஆண்களே நன்றாகச் செய்கிறார்கள்’ என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்கள். எல்லோரும் தோற்றபின் ஒரே கேள்வி: ஏன் முடியவில்லை? அந்தப் பிரிவில் பெண்கள், ஆண்களைவிட அதிகமாக, தங்களுக்குத்தான் தெரியவில்லை என்று பழியைத் தங்கள் மேல் போட்டுக்கொண்டார்கள். மற்ற பிரிவுகளில் ஆண் பெண் வேறுபாடு குறிப்பிடும்படி இல்லை. ஆய்வு சிறியது, இந்த வகைச் சோதனைகளைத் திரும்பச் செய்தால் எப்போதும் அதே முடிவு கிடைப்பதில்லை என்ற சர்ச்சையும் உண்டு. ஆனாலும் பழுதான பென் டிரைவைக் கையில் வைத்துக்கொண்டு ‘எனக்குத்தான் தெரியலை’ என்று ஒருவர் சொல்லும் காட்சி என் மனதை விட்டுப் போகவே இல்லை. காரணம், நான் அதை நேரில் பார்த்திருக்கிறேன்.

என் அத்தையும் மாமாவும்தான். போனில் ஏதாவது நின்றுவிட்டால் மாமா சொல்வது: “இந்த போன் சுத்த வேஸ்ட்டுப்பா.” அத்தை சொல்வது: “நான் எதையோ அமுக்கிட்டேன் போல.” நடந்தது ஒன்றேதான். ஆனால் இந்த இரண்டு வாக்கியங்களும் இரண்டு பேரை இரண்டு திசையில் தள்ளிவிடுகின்றன.

தன்னால் ஒரு வேலையைச் செய்ய முடியும் என்ற நம்பிக்கைக்கு 1977இல் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுரா ஒரு கோட்பாடு தந்தார். அந்த நம்பிக்கை நான்கு வழிகளில் ஊறுகிறது என்றார் அவர். தானே செய்து ஜெயித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்கம், அந்த நேரத்தில் உடம்பு காட்டும் படபடப்பு. இவற்றில் முதலாவதுதான் மிக வலுவானது. இப்போது அத்தையைப் பாருங்கள். தவறு நடந்தது, பழி தன் மேல். நம்பிக்கை கொஞ்சம் இறங்குகிறது. அடுத்த முறை கை தயங்குகிறது. தயங்கினால் பழக்கம் குறைவு, பழக்கம் குறைந்தால் ஜெயிக்கும் வாய்ப்பும் குறைவு. அதற்குள் பக்கத்தில் இருக்கும் பிள்ளை, “கொடுங்க, நான் பண்ணித் தரேன்” என்று போனை வாங்கிப் பத்து விநாடியில் முடித்துக் கொடுத்துவிடுகிறது. செய்து முடித்த அனுபவம் பிள்ளைக்குப் போய்விட்டது. அத்தைக்குக் கிடைத்தது ஒன்றுதான்: இவ்வளவு சுலபமானது கூட எனக்கு வரவில்லை.

மாமாவின் சுழல் வேறு. பழி போன் மேல், அதனால் நம்பிக்கைக்குச் சேதம் இல்லை. மறுபடி தட்டுகிறார். தட்டிய நூறில் முப்பது தேறினாலும் முப்பதும் அவர் கணக்கில் வரவு. எழுபது தவறுகள் போனின் கணக்கில் பற்று.

கண்டபடி தட்டிப் பார்ப்பதுதான் கற்கும் வழி என்றும் முடிவு கட்டிவிட வேண்டாம். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் லாரா பெக்வித், மார்கரெட் பர்னெட் குழுவினர், விரிதாளில் (எக்ஸெல் போன்ற ஸ்ப்ரெட்ஷீட்) பிழை கண்டுபிடிக்கும் வேலையைக் கொடுத்துக் கவனித்தார்கள். ஆண்கள் அதிகம் நோண்டினார்கள். சில சூழல்களில் அதுவே அவர்கள் புரிதலைக் கெடுத்தது. பெண்கள் குறைவாக நோண்டினார்கள், ஆனால் நோண்டியது பலன் தந்தது. ஒன்றைத் தட்டிவிட்டுச் சற்று நின்று, என்ன மாறியது என்று பார்ப்பவர்தான் கற்கிறார். நம் வாசகரின் அப்பா தட்டுகிறார், நிற்பதில்லை. அம்மாவுக்கு நிற்கத் தெரியும், ஆனால் அவர் தட்டவே இல்லை.

சரி, வயது. எழுத்து மங்கலாகத் தெரிவது, புதிய விவரத்தைக் கையாளும் வேகம் குறைவது, இதெல்லாம் தெரிந்ததுதான். அதிகம் பேசப்படாதது விரல். இன்றைய தொடுதிரைகள் அழுத்தத்தை அளப்பதில்லை. கண்ணாடிக்குக் கீழே இருக்கும் மின்புலத்தை விரல் எவ்வளவு கலைக்கிறது என்பதைத்தான் அளக்கின்றன. ஈரப்பதம் உள்ள தோல் அதை நன்றாகக் கலைக்கும். வயதாக ஆகத் தோல் வறள்கிறது. மெல்லத் தொட்டால் திரை சில நேரம் கண்டுகொள்வதில்லை. சரியாகத் தொடவில்லையோ என்று நினைத்து இன்னும் அழுத்தி, இன்னும் கொஞ்ச நேரம் விரலை வைத்திருக்கிறார்கள். போனுக்கு அது வேறு கட்டளை. ‘திற’ என்று சொல்லப் போனவர், ‘இந்த ஐகானை இடம் மாற்று’ என்று சொல்லிவிடுகிறார்.

இதோடு இன்னொன்று. பெரியவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் யாரோ மாற்றிய பிறகு வந்த பழைய போன். சேமிப்பிடம் நிறைந்து, தட்டினால் ஒரு விநாடி கழித்து விழித்துக்கொள்ளும். 1968லேயே ராபர்ட் மில்லர் என்பவர் எழுதினார்: அழுத்தியதற்கும் பலன் தெரிவதற்கும் இடையே பத்தில் ஒரு விநாடிக்குள் இருந்தால்தான் அது உடனே நடந்ததாகத் தோன்றும். அதைத் தாண்டினால் எது எதனால் நடந்தது என்ற இணைப்பு அறுந்து போகிறது. பதில் வரவில்லையே என்று மறுபடி தட்ட, முதல் தட்டும் இரண்டாம் தட்டும் சேர்ந்து வேறெங்கோ கொண்டுபோய் விடுகின்றன. இப்படிப்பட்ட கருவியில் யார் கற்றாலும் தொழில்நுட்பத்தைப் பற்றி நல்ல அபிப்பிராயம் வராது.

‘வயது’ என்று நாம் சொல்வதில் மூன்று விஷயங்கள் பின்னிக் கிடக்கின்றன: உடம்பின் வயது, பிறந்த காலம், இன்றைய காலம். 1960இல் பிறந்தவருக்கு ஐபிஎம் பர்சனல் கம்ப்யூட்டர் வந்தபோது 21 வயது. வைய விரிவு வலை (www) பொதுவுக்கு வந்தபோது 31. ஐபோன் வந்தபோது 47. 2005இல் பிறந்தவருக்கு அப்போது 2. இவர்கள் இருவரையும் ஒரே நாளில் கருத்துக் கேட்டு, ‘முதியவர்கள் தயங்குகிறார்கள்’ என்று எழுதினால், தயக்கம் முதுமையால் வந்ததா, 1960இல் பிறந்ததால் வந்ததா என்று பிரிக்கவே முடியாது. இன்றைய ஆண்டிலிருந்து பிறந்த ஆண்டைக் கழித்தால் வயது. மூன்றில் இரண்டைப் பிடித்து வைத்தால் மூன்றாவது தானாக நின்றுவிடும். இந்த முடிச்சைக் கொஞ்சமாவது தளர்த்த, ஒரே ஆட்களை இருபது முப்பது ஆண்டுகள் பின்தொடர வேண்டும். ஆனால் மூன்றாண்டு நிதி ஒதுக்கி மூன்றாம் ஆண்டே கட்டுரை எங்கே என்று கேட்கும் அமைப்பில் அதை யார் செய்வார்? அதனால்தான் கைக்கெட்டிய கல்லூரி மாணவர்களிடம் படிவம் நிரப்பி வாங்கிய ஆய்வுகள் குவிகின்றன. இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது, விட்டுவிடுகிறேன்.

கணினியோடும் இணையத்தோடும் வளர்ந்த தலைமுறைக்கு 2001இல் கிளம்பிய ‘டிஜிட்டல் பூர்வகுடிகள்’ என்ற சொல்லும் இந்தக் குழப்பத்தின் பிள்ளைதான். பிறந்த ஆண்டே திறமையைத் தந்துவிடும் என்பது, பிறந்த நட்சத்திரம் தந்துவிடும் என்பதற்கு ஒன்றுவிட்ட தம்பி.

மூளைக் கேள்விக்கு வரலாறே பதில் சொல்லும். 1940களில் அமெரிக்காவில் உருவான எனியாக் என்ற ஆரம்பகாலக் கணினிக்கு முதன்முதலில் நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள். அமெரிக்காவில் கணினி அறிவியல் பட்டம் பெற்றவர்களில் பெண்களின் பங்கு 1980களின் நடுவில் சுமார் 37 சதவீதம். வீட்டுக் கணினிகள் பையன்களின் விளையாட்டுப் பொருளாக விற்கப்பட்ட காலத்தில் வளர்ந்தவர்கள் கல்லூரிக்கு வர வர அது சரிந்து, பின்னாளில் 20க்கும் கீழே போனது. ஒரு தலைமுறைக்குள் மூளை அப்படி மாறாது.

அத்தையிடம் போன மாதம் போயிருந்தேன். “பேங்க் ஆப் காணோம். நான் எதையோ அமுக்கிட்டேன் போல” என்றாள். இந்த முறை போனைக் கையில் வாங்கவில்லை. எப்படித் தொடுகிறாள் என்று மட்டும் பார்த்தேன். விரல் போய் ஐகான் மேல் உட்கார்ந்து, உறுதி வரும்வரை எழவில்லை. ஐகான் பெயர்ந்து மேலே நகர்ந்து, ‘நீக்கு’ என்ற சொல்லைத் தொட்டு மறைந்தது. ஆப் அழியவில்லை, முகப்பிலிருந்து ஐகான் மட்டும்தான் போயிருந்தது. செட்டிங்ஸில், எவ்வளவு நேரம் தொட்டால் அதை நீண்ட தொடுதலாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று மாற்றும் இடம் இருக்கிறது. எங்கே தட்ட வேண்டும் என்று நான் சொல்ல, அவளே போய் அதைக் கூட்டினாள். ஐகானைத் திரும்ப வைத்தாள். மறுபடி தன் பாணியிலேயே நிதானமாகத் தொட்டாள். திறந்தது.

கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். “அப்போ இத்தனை நாளா போன்தான் சரியில்லையா?”