புகையில் மிஞ்சும் ஆக்சிஜன்

பாலக்கோட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "என் பெட்ரோல் காரில் காற்று–எரிபொருள் விகித மீட்டர் பொருத்த ஆசை. மலிவாகவும் கிடைக்கிறது, பல மடங்கு விலையிலும் கிடைக்கிறது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். காற்று குறைந்தால் கரும்புகை. மிகுந்தால் கலவை வறண்டு, இழுக்கும் நேரத்தில் எஞ்சின் தட்டும். இது தெரிந்ததுதான். ஆனால் மீட்டர் காற்றையும் எடை போடுவதில்லை, பெட்ரோலையும் எடை போடுவதில்லை. எரிந்து முடிந்த புகையில் ஆக்சிஜன் எவ்வளவு மிஞ்சியது என்பதை வைத்தே கணக்குச் சொல்கிறது.

சென்சாரின் நுனியில் இருப்பது சிர்கோனியா என்னும் பீங்கான். அதில் சிறிது இட்ரியம் ஆக்சைடு கலந்திருக்கும். சிர்கோனியம் அயனியின் மின்னூட்டம் நான்கு, இட்ரியத்துக்கு மூன்றுதான். கணக்கு நேராக வேண்டுமே! இரண்டு இட்ரியம் வந்து உட்கார்ந்தால் ஓர் ஆக்சிஜனின் இடம் காலியாகிவிடுகிறது. நன்றாகச் சூடேறியதும் பக்கத்து ஆக்சிஜன் அயனி அந்த இடத்துக்குத் தாவும். அது விட்ட இடத்துக்கு அடுத்தது வரும். நெரிசலான டவுன் பஸ்ஸில் ஒருவர் இறங்கினால் எல்லோரும் ஓர் அடி நகர்கிறார்களே, அப்படித்தான். கெட்டியான பீங்கானுக்குள் ஆக்சிஜன் நடந்து போகிறது!

இந்தப் பீங்கானின் ஒரு பக்கம் வெளிக்காற்று, மறு பக்கம் புகை, இரண்டிலும் பிளாட்டினப் பூச்சு. ஆக்சிஜன் அளவில் உள்ள வேறுபாடு மின்னழுத்தமாக வெளிப்படுகிறது. அதைக் கணக்கிடும் சமன்பாடு ஜெர்மானிய வேதியியலாளர் வால்தர் நெர்ன்ஸ்டுடையது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதே வகைக் கலவையை வைத்து அவர் விளக்கு செய்தார். டங்ஸ்டன் இழை வந்ததும் அந்த விளக்கு வழக்கொழிந்தது. 1976-இல் பாஷ் நிறுவனத்தின் சென்சாராக அந்தப் பீங்கான் வோல்வோ காரில் ஏறியது. ஆய்வுக்கு நிதி கேட்பவரிடம் "உடனடிப் பயன் என்ன?" என்று முதல் கேள்வியாகக் கேட்கும் அதிகாரிகள் இந்த இடைவெளியைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம்.

மேலே சொன்ன ஒற்றைப் பீங்கான் சென்சாருக்கு நேரோபேண்ட் என்று பெயர். அது 0.1 முதல் 0.9 வோல்ட் வரை தரும். சரியான விகிதத்தைத் தாண்டும் புள்ளியில் சட்டென்று புரண்டுவிடும். கலவை எந்தப் பக்கம் சாய்ந்தது என்று சொல்லும். எவ்வளவு என்று சொல்லாது. மலிவான மீட்டர் இதைத்தான் விளக்குகளாக ஆட்டிக் காட்டுகிறது.

விலை கூடிய மீட்டரில் வருவது வைடுபேண்ட் சென்சார். அதில் இரண்டாவது சிர்கோனியா ஒன்று உண்டு, அது ஒரு பம்ப். நுண்ணிய அறைக்குள் வரும் புகையில் ஆக்சிஜன் கூடினால் வெளியேற்றும், குறைந்தால் உள்ளே தள்ளும். முதல் பீங்கான் எப்போதும் 0.45 வோல்ட்டிலேயே நிற்க வேண்டும். அப்படி நிறுத்திவைக்க எவ்வளவு மின்னோட்டம் செலவானதோ, அதுவே அளவு. எனக்கு அலுக்காத தந்திரம் இது. காசு செலவழிப்பதானால் இதற்கே செலவழியுங்கள்.

புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்கு முன்னால் சென்சாரை வைக்க வேண்டும். அதைப் பொருத்தப் புகைக்குழாயில் வெல்டிங் வைக்கும்முன் பேட்டரி இணைப்பைக் கழற்றச் சொல்லுங்கள். சென்சார் கிடையாகப் படுத்திருக்கக் கூடாது, குறைந்தது 10 டிகிரியாவது மேல்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். ஏறத்தாழ 780 டிகிரி சூட்டில் இருக்கும் பீங்கானில் நீர்த்துளி பட்டால் விரிசல்தான். குழாயில் சென்சாருக்கு முன் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று புகுந்து பெட்ரோல் குறைவு என்று பொய் சொல்ல வைக்கும். ஒரு சிலிண்டர் சரியாகப் பற்றாவிட்டாலும் அதே பொய்: எரியாத ஆக்சிஜன் அப்படியே வந்து சேர்கிறது.

முகப்பில் 14.7 என்று காட்டுவதைவிட லாம்டா காட்டும் மீட்டரே மேல். இருக்கும் விகிதத்தை அந்த எரிபொருளுக்குச் சரியான விகிதத்தால் வகுத்தால் வருவதே லாம்டா. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்குச் சரியான விகிதம் சுமார் 13.5. லாம்டாவோ எந்தப் பெட்ரோலுக்கும் 1 தான்.

பொருத்தியபின் தொப்பூர் கணவாயில் சேலம் பக்கம் இறங்கும்போது, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், பக்கத்து இருக்கையில் இருப்பவரிடம் மீட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரை விட்டால், இன்ஜெக்ஷன் கார்களில் பெரும்பாலும் பெட்ரோல் அடியோடு நின்றுவிடும். குழாயில் வெறும் காற்று. மீட்டர் கடைசி எல்லைக்குப் போய் நிற்கும். நியூட்ரலில் இறங்கினால் மிச்சம் என்று இன்னும் நம்புகிறார்கள் அல்லவா? நியூட்ரலில் எஞ்சின் அணையாமல் இருக்கவே பெட்ரோல் வேண்டும், லாம்டா மறுபடி 1-க்கு வந்துவிடும். செலவும் ஆகிறது, வண்டியைப் பிடித்து நிறுத்தும் எஞ்சினின் பிடியும் போய்விடுகிறது.