கேஸ் ஷீட்டில் ‘ஸ்டார்ம்’ என்று எழுதியிருந்தால்

ஐசியூ நோயாளியின் கேஸ் ஷீட்டில் ‘ஸ்டார்ம்’ என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, “டாக்டர், இது என்ன புது நோய்?” என்று உறவினர்கள் கேட்பதுண்டு. புயல் என்று பொருள்; வானிலைக்காரர்களிடம் மருத்துவம் கடன் வாங்கிய சொல் அது. கடுமையான எல்லா நோய்க்கும் அதைப் போடமாட்டோம். உடம்புக்கு அன்றாடம் தேவைப்படும் ஓர் ஏற்பாடே கட்டுமீறிப் போய் ஆளைச் சாய்க்கும்போதுதான் அந்தப் பெயர்.

கொரோனா காலத்தில் பலர் கேள்விப்பட்டது சைட்டோகைன் ஸ்டார்ம். கிருமியோடு மோத வேண்டிய எதிர்ப்பு சக்தி, அளவில்லாமல் பொங்கி நுரையீரலையும் சேர்த்துத் தாக்கும். 2020இல் பிரிட்டனின் ரெகவரி ஆய்வில், டெக்ஸாமெத்தசோன் என்ற மலிவான ஸ்டீராய்டு வென்டிலேட்டரில் இருந்தவர்களின் மரணத்தை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை என்பதும் அதே ஆய்வில்தான் தெரிந்தது. இந்தப் பின்பாதி பலர் காதில் விழவே இல்லை.

இதயத்தில் வருவது எலக்ட்ரிக்கல் ஸ்டார்ம். 24 மணி நேரத்துக்குள் மூன்று முறையோ அதற்கு மேலோ ஆபத்தான துடிப்புக் கோளாறு வந்தால் அப்படிச் சொல்வோம். ஐசிடி (ஆபத்தான துடிப்பை ஷாக் கொடுத்துச் சரிசெய்ய உடம்புக்குள் பதிக்கும் கருவி) பொருத்தியவர்கள் கவனிக்க: ஒரே நாளில் இரண்டாவது ஷாக் அடித்தால் நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

சரி, நான் எழுத நினைத்ததே தைராய்டு ஸ்டார்ம் பற்றித்தான். அபூர்வமானது. ஆனால் சிகிச்சை கொடுத்தும் பத்தில் ஒருவரையாவது இழக்கும் அளவுக்குக் கொடியது. எனக்கு எரிச்சல் வரக் காரணம், இதில் பெரும்பகுதி தடுக்கக்கூடியது என்பதே.

தைராய்டு அதிகமாகச் சுரப்பவர்களுக்குத்தான் இது வரும். குறைவாகச் சுரந்து தைராக்சின் சாப்பிடுபவர்கள் பயப்பட வேண்டாம். மிகையாகச் சுரப்பதைக் குறைக்கும் கார்பிமசோல் மாத்திரை தொடங்கிச் சில வாரங்களில் படபடப்பு அடங்கும், கைநடுக்கம் நிற்கும், எடை ஏறும். “நல்லாயிடுச்சே, இன்னும் எதுக்கு மாத்திரை?” என்று நிறுத்திவிடுவார்கள். ஹார்மோன் சத்தமில்லாமல் மறுபடி ஏறும். அந்த நேரம் பார்த்து ஒரு நிமோனியாவோ, அறுவை சிகிச்சையோ, பிரசவமோ வந்தால் போதும். காய்ச்சல் 39, 40 டிகிரி செல்சியஸைத் தொடும், நாடி 140ஐத் தாண்டும், வாந்தியும் பேதியும் சேரும், ஆள் சம்பந்தமில்லாமல் பேசத் தொடங்குவார். வீட்டில் இருப்பவர்கள் சாதாரண விஷக் காய்ச்சல் என்றே நினைப்பார்கள். தைராய்டு மாத்திரையை நிறுத்திய கதையை நாங்களாகக் கேட்டால்தான் சொல்வார்கள்.

ரத்தப் பரிசோதனை இதைத் தனியாகக் காட்டிக்கொடுக்காது. ஸ்டார்ம் வந்தவருக்கும், வராமல் வெறும் தைராய்டு மிகை மட்டும் உள்ளவருக்கும் ஹார்மோன் அளவு ஒரே மாதிரி இருக்கலாம். அதனால் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் அறிகுறிகளை வைத்தே சிகிச்சையைத் தொடங்குவோம். மருந்து கொடுப்பதிலும் ஒரு வரிசை உண்டு: முதலில் ஹார்மோன் உற்பத்தியை நிறுத்தும் மாத்திரை, குறைந்தது ஒரு மணி நேரம் கழித்துத்தான் அயோடின். மாற்றிக் கொடுத்தால் அந்த அயோடினே புது ஹார்மோனுக்குக் கச்சாப் பொருளாகிவிடும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால்தான், ஆஸ்பிரின் கூடாது, அது ரத்தப் புரதத்தில் ஒட்டியிருக்கும் ஹார்மோனை விடுவித்துவிடும்.

வயதானவர்களிடம் இந்த ஆர்ப்பாட்டம் எதுவும் இல்லாமலும் போகலாம். சோர்ந்து கிடப்பார்கள், நாடி தாறுமாறாக ஓடும், மூச்சு வாங்கும். இதய நோய் என்று மட்டும் நினைத்துவிட வாய்ப்பு அதிகம்.

அப்புறம், அறுவை சிகிச்சை என்றாலும் சாய ஊசி போட்டு சிடி ஸ்கேன் எடுப்பதென்றாலும் தைராய்டு மிகை இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்தச் சாயத்தில் அயோடின் இருக்கிறது.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள் என்பதற்கு ஒரு முக்கியமான விதிவிலக்கு உண்டு. கார்பிமசோல் சாப்பிடும்போது காய்ச்சலோடு தொண்டை வலியோ வாய்ப்புண்ணோ வந்தால், அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் அன்றே வெள்ளை அணுக்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். அபூர்வமாக இந்த மருந்து அவற்றை அடியோடு குறைத்துவிடும். எண்ணிக்கை சரியாக இருந்தால், மாத்திரையை மறுபடி எப்போது தொடங்குவது என்று மருத்துவர் சொல்வார்.