யூடியூப் ஓடுகிறது, விளையாட்டு மட்டும் ஏன் இணைய மறுக்கிறது?

கொழும்பின் வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் வளர்ந்த பிள்ளைகள் உள்ள எந்த வீட்டிலும் இந்த வழக்கு ஒரு தடவையாவது விசாரணைக்கு வந்திருக்கும். இணையத்தோடு இணைந்திருப்பதாக பிளேஸ்டேஷன் என்ற விளையாட்டுக் கன்சோல் சொல்கிறது. படம் ஓடுகிறது, விளையாட்டின் புதிய பதிப்பும் தடையின்றி இறங்குகிறது. தெஹிவளையில் இருக்கும் நண்பனின் குரல் மட்டும் கேட்பதில்லை. அவன் அனுப்பிய அழைப்பை ஏற்றால், திரையில் வட்டம் சுற்றிச் சுற்றிக் கடைசியில் கைவிரிக்கிறது. வீட்டார் உடனே வேகச் சோதனை செய்து பார்க்கிறார்கள். எழுபது மெகாபிட் வருகிறது. அப்படியானால் கன்சோல்தான் பழுது என்று தீர்ப்பாகிவிடுகிறது.

இந்த வழக்கில் வேகச் சோதனையின் சாட்சியம் செல்லாது. தொலைபேசியும் தொலைக்காட்சியும் மடிக்கணினியும் வெளியே ஒன்றைக் கேட்டுவிட்டு, அதற்கான பதிலை வாங்கிக்கொள்கின்றன. கன்சோலுக்கு அது போதாது. நண்பனின் கன்சோல் அதை நேரடியாக அழைக்க வேண்டியிருக்கிறது. குழுவாகக் கதைக்கும்போதும், ஒருவரின் கன்சோலே ஆட்டத்தை நடத்தும்போதும் இதுதான் நிலைமை. வெளியிலிருந்து யாரும் தானாக உள்ளே வர முடியாதபடிதான் நம் வீட்டு இணையம் அமைந்திருக்கிறது.

காரணம் முகவரிப் பஞ்சம். இணையத்தில் ஒரு கருவியை அடையாளம் காட்டும் எண்தான் ஐபி முகவரி. இன்றும் பெருமளவு புழக்கத்தில் இருக்கும் நான்காம் பதிப்பு ஐபி முகவரி 32 பிட் நீளமானது. மொத்தமாகச் சுமார் 430 கோடி முகவரிகளுக்கு மேல் அதில் தேறாது. உலகப் பொது இருப்பு 2011 பெப்ரவரியில் தீர்ந்துபோனது. பஞ்சம் வருமென்று முன்பே தெரிந்திருந்ததால் வீட்டுக்கு ஒரு பொது முகவரி, உள்ளே இருக்கும் கருவிகளுக்குத் தனி முகவரிகள் என்ற ஏற்பாடு பரவியது. 192.168 என்றும் 10 என்றும் தொடங்கும் எண்கள் அந்தத் தனி முகவரிகள். கொழும்பில் ஆயிரக்கணக்கான வீடுகளில் 192.168.1.5 என்ற ஒரே முகவரியில் ஏதாவதொரு கருவி இருக்கும். வெளியே அதற்கு மதிப்பில்லை.

உள் முகவரியை வெளி முகவரியாக மாற்றும் வேலையை ரவுட்டர் செய்கிறது. அதற்கு நேட் என்று பெயர். தொடர்மாடியின் வாயிலில் பதிவேட்டோடு உட்கார்ந்திருக்கும் காவலரை நினைத்துக்கொள்ளுங்கள். நான்காம் மாடியில் இருப்பவர் கொத்துரொட்டிக்குச் சொல்லியிருந்தால், கொண்டுவருபவரைப் பதிவேட்டைப் பார்த்து மேலே அனுப்புவார். யாரும் சொல்லாமல் வந்து நிற்பவரைத் திருப்பி அனுப்பிவிடுவார். ரவுட்டரும் இதையே செய்கிறது. உள்ளேயிருந்து ஒரு தரவுப் பொதி போனால் எந்தக் கருவி, எந்த போர்ட் எண் (கருவிக்குள் எந்தச் செயலிக்குரிய பொதி என்று காட்டும் எண்) என்று தன் அட்டவணையில் ஒரு வரி எழுதிக்கொள்கிறது. பதில் வரும்போது அந்த வரியைப் பார்த்து உரிய கருவிக்குக் கொடுக்கிறது. வரியில்லாமல் வரும் பொதியைச் சத்தமில்லாமல் தூக்கி எறிந்துவிடுகிறது.

அப்படியானால் இரண்டு வீடுகளில் இருக்கும் இரண்டு கன்சோல்கள் எப்படித்தான் சந்திக்கின்றன? இதில் ஒரு அழகான தந்திரம் இருக்கிறது. இரண்டும் முதலில் கன்சோல் நிறுவனத்தின் சேர்வருக்கு ஒரு பொதியை அனுப்புகின்றன. 'நீ எனக்கு இந்த முகவரியில், இந்த போர்ட்டில் தெரிகிறாய்' என்று சேர்வர் ஒவ்வொன்றுக்கும் சொல்கிறது. மற்றதன் விவரத்தையும் கொடுக்கிறது. பிறகு இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஒன்றையொன்று நோக்கிப் பொதி அனுப்புகின்றன. இங்கிருந்து போன பொதி நம் ரவுட்டரின் அட்டவணையில் ஒரு வரியை எழுதிவிட்டுப் போகிறது. அங்கிருந்து வரும் பொதியை அந்த வரிக்கான பதில் என்று நினைத்து ரவுட்டர் உள்ளே விட்டுவிடுகிறது. மறுபக்கத்திலும் இதுவே நடக்கிறது. இரண்டு ரவுட்டர்களும் ஏமாந்துவிட்டன, ஆட்டம் தொடங்கிவிட்டது.

ரவுட்டர் வெளியே காட்டும் போர்ட் எண்ணை மாற்றாமல் வைத்திருந்தால்தான் இந்தத் தந்திரம் பலிக்கும். சில ரவுட்டர்கள் சேர்வரோடு கதைக்க ஒரு எண்ணும், நண்பனோடு கதைக்க வேறொரு எண்ணும் ஒதுக்குகின்றன. சேர்வர் சொன்ன எண் அப்போது பழையதாகிவிடுகிறது. நண்பனின் பொதி வந்து மோதுவது மூடிய கதவில். கன்சோலின் இணையச் சோதனைத் திரையில் நேட் வகை என்று ஒரு வரி வருவது இதைப் பற்றித்தான். பிளேஸ்டேஷன் 1, 2, 3 என்று எண் போடும்; 2 என்றால் சாதாரண வீட்டு நிலை, 3 என்றால் இடைஞ்சல். எக்ஸ்பொக்ஸ் அதையே திறந்தது, மிதமானது, கடுமையானது என்று சொல்லும். நின்டெண்டோ ஸ்விட்ச் ஆங்கில எழுத்துகளால் தரம் பிரிக்கும். வகை 3 இருந்தாலும் சிலரோடு மட்டும் விளையாட முடிவதற்குக் காரணம் எதிர்ப்பக்கம் திறந்திருப்பது. இரு பக்கமும் 3 என்றால் பெரும்பாலும் கதை முடிந்தது.

மருந்து ரவுட்டரில்தான் இருக்கிறது. யூபிஎன்பி என்ற வசதி இயங்கினால், கன்சோலே ரவுட்டரிடம் 'இந்த போர்ட்டுக்கு வருவதை என்னிடம் கொடு' என்று கேட்டு நிரந்தர வரி ஒன்றை எழுத வைத்துக்கொள்ளும். கேட்பவருக்கு ரவுட்டர் கடவுச்சொல் எதுவும் வைப்பதில்லை. வீட்டில் கிருமி புகுந்த மலிவுக் கெமரா ஒன்று இருந்தால் அதுவும் கேட்கலாம். இது பிடிக்காதவர்கள் கன்சோலுக்கு மாறாத உள் முகவரி ஒன்றை ஒதுக்கிவிட்டு, வேண்டிய போர்ட்டைக் கையால் திறக்கலாம். எக்ஸ்பொக்ஸுக்கு முக்கியமானது, யூடிபி என்ற பொதி அனுப்பும் முறையில் 3074ஆம் போர்ட். ஒரே வீட்டில் இரண்டு எக்ஸ்பொக்ஸ் இருந்தால் இரண்டும் அந்த எண்ணுக்கே சண்டை போடும். அப்போது இரண்டாவதுக்கு அதன் அமைப்புகளில் வேறு போர்ட்டைத் தெரிவு செய்து கொடுக்க வேண்டும்.

இதையெல்லாம் செய்தும் வகை 3 மாறாத வீடுகள் கொழும்பில் நிறைய உண்டு. எங்கள் மாடியிலேயே ஒரு வீட்டில் தகப்பனார் ஒரு ஞாயிறு முழுவதையும் செலவழித்து 4ஜி ரவுட்டரில் போர்ட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து வைத்திருந்தார். ஒன்றுகூடத் தப்பில்லை. "ஃபோனில் எல்லாம் நன்றாகத்தானே ஓடுகிறது, அண்ணா?" என்று மகன் என்னிடம் கேட்டான். ரவுட்டரின் நிலைப் பக்கத்தைத் திறந்து, அதன் வெளிப்பக்க முகவரி எதுவென்று பார்த்தோம். 100.83 என்று தொடங்கியது.

அந்த எண்ணே போதும். 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகள், 2012 ஏப்ரலில் இணையச் சேவை நிறுவனங்களின் உள் உபயோகத்துக்கென ஒதுக்கப்பட்டவை. அதாவது நம் ரவுட்டருக்கு வெளியே, நிறுவனத்தின் கட்டடத்தில் இன்னொரு பெரிய நேட் இருக்கிறது. ஒரே பொது முகவரிக்குப் பின்னால் ஏராளமான வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். வீட்டு ரவுட்டரில் என்ன திறந்தாலும் அந்த வெளி வாயில் திறக்காது. கைத்தொலைபேசி வலையமைப்பில் இயங்கும் 4ஜி இணைப்புகளில் இது மிகச் சாதாரணம். முகவரி 10 என்றோ, 172.16 முதல் 172.31 வரையிலோ தொடங்கினாலும் பொருள் இதுவே. பொது முகவரி தருவீர்களா என்று நிறுவனத்திடம் கேட்க வேண்டும். ஆறாம் பதிப்பு ஐபி கிடைக்கிறதா என்றும் கேளுங்கள். அதன் முகவரி 128 பிட், பஞ்சம் என்ற பேச்சே இல்லை, நேட்டுக்கும் தேவையில்லை. எக்ஸ்பொக்ஸ் அதை நன்றாகவே பயன்படுத்திக்கொள்ளும்.

வெளிப்பக்க முகவரி 192.168 என்று தொடங்கினால் குற்றவாளி பெரும்பாலும் வீட்டுக்குள்தான். ஃபைபர் இணைப்போடு வந்த பெட்டியின் சமிக்ஞை பின்னறைக்கு எட்டவில்லை என்று, யூனிட்டி பிளாஸாவில் இரண்டாவது ரவுட்டர் ஒன்றை வாங்கி மாட்டியிருப்பீர்கள். இப்போது இரண்டு பெட்டிகளும் ஆளுக்கொரு நேட் செய்கின்றன. புதிய பெட்டியை அக்சஸ் பொயின்ட் என்ற நிலைக்கு மாற்றிவிட்டால் அது சமிக்ஞையை மட்டும் பரப்பும்; அட்டவணை எழுதும் வேலை ஒரே பெட்டியிடம் போய்விடும்.

இணைகிறது, ஆனால் இழுக்கிறது என்பது வேறு முறைப்பாடு. அதற்கு நேட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. மடிக்கணினியைக் கன்சோலுக்குப் பக்கத்தில் வைத்து ரவுட்டரின் முகவரிக்கே பிங் (ஒரு பொதி போய்த் திரும்ப எடுக்கும் நேரத்தை அளக்கும் சோதனை) கொடுத்துப் பாருங்கள். ஓரிரு மில்லிசெக்கன் என்று சீராக வந்தால் வீட்டுக்குள் சிக்கலில்லை. 3, 4, 180, 6, 240 என்று குதித்தால் வைஃபைதான். வைஃபையின் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் சானல்கள் 5 மெகாஹேர்ட்ஸ் இடைவெளியில் இருக்கின்றன, ஒவ்வொரு சமிக்ஞையோ சுமார் 20 மெகாஹேர்ட்ஸ் அகலம். ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 மட்டுமே. தொடர்மாடியில் மேலும் கீழும் பக்கத்திலுமாக இருபது ரவுட்டர்கள் அந்த மூன்றைப் பங்குபோட்டால் வேறென்ன நடக்கும்? 5 கிகாஹேர்ட்ஸில் இடம் தாராளம், ஆனால் கொங்கிறீட் சுவர் அதற்குப் பகை. 2013இல் வந்த முதல் பிளேஸ்டேஷன் 4க்கு 5 கிகாஹேர்ட்ஸ் தெரியவே தெரியாது. என்னைக் கேட்டால் ஒரு லேன் கேபிளை இழுத்துவிடுங்கள், அழகு கெட்டாலும் பரவாயில்லை.

பிங் வீட்டுக்குள் சீராக இருந்து, வெளியே மட்டும் மாலை நேரங்களில் 45இலிருந்து 600க்குத் தாவினால், அந்த நேரத்தில் யாராவது படங்களைப் பதிவேற்றுகிறார்களா என்று பாருங்கள். ரவுட்டர் அனுப்ப முடியாததை வரிசையில் தேக்கி வைக்கிறது. பதிவேற்ற வேகம் 5 மெகாபிட், தேக்கம் ஒரு மெகாபைட் என்றால், வரிசையின் கடைசியில் நிற்கும் பொதி 1.6 செக்கன் காத்திருக்க வேண்டும். அந்தப் பொதியில்தான் உங்கள் மகன் சுட்ட தோட்டா இருக்கிறது. ரவுட்டரில் போக்குவரத்துக் கட்டுப்பாடு இருந்தால் பதிவேற்றத்தை உண்மையான வேகத்தின் தொண்ணூறு சதவீதத்துக்குள் நிறுத்துங்கள், வரிசை சேராது.

மின்வெட்டுக்குப் பின் மட்டும் தகராறு என்றால், மறுதொடக்கம் ஆன ரவுட்டர் தன் பழைய கணக்கை மறந்து, கன்சோலின் முகவரியை வேறொரு கருவிக்குக் கொடுத்திருக்கலாம். கன்சோலை ஓய்வு நிலையில் விடாமல் முழுதாக அணைத்துப் போட்டால் தீரும்.

மிச்சமிருப்பது கடல். கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீற்றர் போகும். விளையாட்டுச் சேர்வர்கள் இருக்கும் சிங்கப்பூர் இங்கிருந்து நேர்கோட்டில் சுமார் 2,700 கிலோமீற்றர். போய்வர 27 மில்லிசெக்கன். கடலடிக் கேபிள்கள் நேர்கோட்டில் கிடப்பதில்லை, வழியில் சாதனங்களும் உண்டு, ஆகவே உண்மையில் அதற்கு மேல்தான். மும்பாய் தூரத்தில் கிட்ட. அதற்காக அங்குள்ள சேர்வர் எப்போதும் வேகமானது என்று எண்ணிவிட வேண்டாம். கொழும்பில் கரையேறும் கேபிள்களும் மாத்தறையில் கரையேறும் கேபிள்களும் வெவ்வேறு திசைகளுக்குப் போகின்றன. எதன் வழியே உங்கள் பொதி போகும் என்பதை நிறுவனத்தின் ஒப்பந்தங்கள் தீர்மானிக்கின்றன. மும்பாய்க்கான பொதி சிங்கப்பூரைச் சுற்றிப் போவதும் நடக்கும். விளையாட்டில் வட்டாரத்தைத் தெரிவு செய்ய இடமிருந்தால், வழக்கமாக விளையாடும் அதே இரவு நேரத்தில் இரண்டையும் பார்த்து, பிங் குறைந்ததை வைத்துக்கொள்ளுங்கள்.